வெள்ளம் மட்டும்

"பேரு சாலையா? ரோடுன்னு சொல்லுவோமே, அந்தச் சாலையா?" என்று கேட்டபடியே டாக்டர் சீட்டில் எழுதினார்.

"சாளை, டாக்டரே. மீனு," என்றாள் விக்டோரியா.

மேசைமேல் நின்ற பெட்டை நாய், தன் பெயர் அடிபடுவது தெரிந்து வாலாட்டியது. நான்கு வருடங்களுக்கு முன் கடியப்பட்டணம் கரையில் வலைக்கடியில் கிடந்த குட்டி அது. சாளை மீனைத் தின்றே வளர்ந்ததால் அந்தப் பெயர். இரண்டு ஈற்றில் பதினொரு குட்டிகள். கடைசி ஈற்றில் நான்கு, ரோட்டில் வண்டி ஏறிச் செத்தன. ஒவ்வொன்றையும் கவ்விவந்து வாசலில் போட்டு, எழுந்துவிடும் என்பதுபோல சாளை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று விக்டோரியா தீர்மானித்தாள்.

"நாய்க்கு குடும்பக் கட்டுப்பாடா? ஃபாதர்கிட்ட கேட்டியா?" என்று பக்கத்து வீட்டு ரெஜிஷா சிரித்தாள். "சாளை இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல்ல மக்கா," என்று விக்டோரியா அவளைச் சமாளித்துவிட்டாள். கணவன் இஞ்ஞாசியைத்தான் சமாளிக்க முடியவில்லை. "நல்லா நடக்கிய ஜீவனெப் பிடிச்சு எதுக்கு கீறணும்? அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்க மொகத்துல முழிக்காத, ஏட்டி," என்றவன், கூட வரவும் இல்லை. ஆட்டோவில் வடசேரி மிருக ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்வரை அந்தச் சொல் அவள் மடியில் நாயோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தது.

"காலைல எதுவும் குடுக்கலையே?"

"ஒண்ணும் குடுக்கல்ல. வெள்ளம் மட்டும்தான்."

டாக்டரின் பேனா நின்றது. திண்டுக்கல்லிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். "வெல்லமா? நாய்க்கு எதுக்கும்மா வெல்லம்?"

விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்தது. "இனிக்கிய வெல்லம் இல்ல டாக்டரே. குடிக்கிய வெள்ளம். கஞ்சிவெள்ளம்."

ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாடு கூடாது, காலை ஆறு மணிவரை தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். அதை அவள் எழுத்துப் பிசகாமல் செய்தாள். ஆனால் அவள் வீட்டில் நாய்க்கு வெள்ளம் என்றால் சோறு வடித்த கஞ்சிவெள்ளம்தான். பச்சைத் தண்ணீரை சாளை முகர்ந்துகூடப் பார்க்காது. தின்பது சோறு, குடிப்பது வெள்ளம். குடிப்பது எப்படிச் சாப்பாடு ஆகும்? அடியில் ஒரு பிடி பருக்கை கிடந்தது என்பது வேறு விஷயம்.

டாக்டர் திட்டவில்லை. ஊசி மருந்தைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிக்கொள்ள தொண்டைக்குள் சின்ன மூடி ஒன்று இருக்கிறது. மயக்க மருந்தில் அதுவும் தூங்கிவிடும். அப்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேரே நுரையீரலுக்குள் போகும். "நாளைக்கு வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க."

ஊர்க்காரராக இருந்தால் வெள்ளம் என்றதும் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு ஊசியைப் போட்டிருப்பார். திரும்பும் வழியெல்லாம் விக்டோரியாவின் கை சாளையின் வயிற்றைவிட்டு எடுபடவில்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த இஞ்ஞாசியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் வலையூசியைக் கீழே வைத்தான்.

"அப்போ, கரையில கெடந்தே முங்கிச் சாவுமா?"

"ஆமா. அப்பிடித்தான் சொன்னாவ."

நுரையீரலில் வெள்ளம் ஏறியவர்களைப் படகிலிருந்து தூக்கி இறக்கியவன் அவன். சாயங்காலமே கஞ்சிக்கலத்தைக் கழுவிக் கவிழ்த்தான். சாளையைத் தன் கட்டில் காலில் கட்டினான். மறுநாள் ஆட்டோவில் முதலில் ஏறி உட்கார்ந்ததும் அவன்தான்.

முக்கால் மணி நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. நாக்கை வெளியே போட்டு சாளை மூச்சுவிட்டுக் கிடந்தது. விக்டோரியா அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருக்க, இஞ்ஞாசி குனிந்து தையலைப் பார்த்தான்.

"நைலானா டாக்டரே? முதல் முடிச்சுக்கு ரெண்டு சுத்து போட்டிருக்கிய."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நைலான் வழுக்கும்லா."

பருத்தி நூலில் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நைலானுக்குப் பிடி கிடையாது. ஒரே சுற்று என்றால் இரண்டாம் முடிச்சைப் போடுமுன் முதல் முடிச்சு நெகிழ்ந்துவிடும். இரண்டு சுற்று அதை நிறுத்தி வைக்கும். எட்டு முடிச்சையும் பார்த்து முடித்துவிட்டு, "இது அவுராது, ஏட்டி," என்றான். அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையலை நக்காமல் இருக்க கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி அனுப்பினார்கள். நாய் மீசையால் அளந்து நடக்கும் பிராணி. இப்போது எல்லாச் சுவரும் ஒரு சாண் முன்னாலேயே வந்து முட்டின. மருந்து உள்ளே போயிற்று, காயமும் காய்ந்து வந்தது. ஆனால் மூன்று நாளாக சாளை கொல்லைப்புறத்துக்கு மட்டும் போய்வந்து, கட்டிலடியில் சுருண்டுகொண்டது. யாரைப் பார்த்தும் வால் அசையவில்லை.

"நாம அவளுக்க வேற என்னத்தையாவது எடுத்துப் போட்டமா?" என்றாள் விக்டோரியா.

"மிண்டாம இரி," என்று அவள் பேச்சை அடக்கினான் இஞ்ஞாசி.

நான்காம் நாள் சாயங்காலம் அவன் வாசல் கதவின் இரண்டு பலகைகளையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, கூப்பிடாமல் மணலில் இறங்கி நடந்தான். சாளை எழுந்தது. கூம்பு வாசல்நிலையில் ஒருமுறை இடித்தது. தலையைச் சாய்த்து வெளியே வந்தது. மேட்டில் ஏறியதும் கடல்காற்று கூம்புக்குள் புகுந்து அதை ஓரடி பின்னால் தள்ளியது. விக்டோரியா ஓடப் போனாள், பிறகு நின்றாள். சாளை நான்கு காலையும் ஊன்றி அசையாமல் நின்றது. கூம்பின் அகன்ற வாய்க்குள் விழும் ஓசை காதுப் பக்கம் குவிந்து பெருகும்; இத்தனை நாள் கேட்ட கடலைவிடப் பெரிய கடல் ஒன்று அதற்குக் கேட்டிருக்க வேண்டும். இரண்டு காதுகளும் கூம்புக்குள் நிமிர்ந்தன. அலையைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது.