ரீவாவின் இடது கை

கோரின் வோஸ்னியாக்கின் கைபேசியைச் சாம்பல் நிறப் பை ஒன்றில் போட்டுப் பூட்டினார்கள். வெளியே வந்த பிறகுதான் திறந்து தருவார்களாம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து இசையரங்கின் பின்வாசல் நடையில் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள், அவள் பன்னிரண்டாவது. பாடகி ரீவா லார்க்கோடு ஒருவருக்கு நாற்பது நொடி. கேட்கப்போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். 'மேடையில் பாட உங்களுக்குக் கஷ்டமான பாட்டு எது?' என்று கோரின் எழுதிக் கொடுத்திருந்தாள். அதைக் கேட்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காணொளியில் ரீவா சொன்னது இரண்டே வாக்கியம்: "எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேரணும். என்ன செய்யணும்னு உங்களுக்கே தெரியும்." தேர்தல் என்ற சொல்லைக்கூட அவள் உச்சரிக்கவில்லை. ஆனால் ரீவாவின் ரசிகர்கள் சொல்லை மட்டும் கேட்கிறவர்கள் அல்ல. ஒருமுறை அவள் கோட்டுப் பொத்தான்களை எண்ணி, அடுத்த பாட்டுத் தொகுப்பு வெளியாகும் தேதியைச் சரியாகச் சொன்னவர்கள். அப்படி எண்ணுவதில் கோரின் பேர் போனவள். ஆறு வருடமாக ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்து வருகிறாள். அவள் நடத்தும் ரசிகர் பக்கத்தை நாலு லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள்.

அன்றைக்கும் காணொளியை நிறுத்திவைத்து எண்ணினாள். வழக்கமாக மூன்று மோதிரம் இருக்கும் இடது கையில் அன்று ஐந்து. வரும் செவ்வாய்க்கிழமைத் தேர்தல் வாக்குச்சீட்டில், மக்கள் வேண்டும் அல்லது வேண்டாம் என்று பதில் போட வேண்டியவற்றில் ஐந்தாவதாக இருந்த கேள்வி, சாலையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் குடியுரிமைத் தாளும் கேட்க வேண்டுமா, அது இல்லாதவர்களைப் பிடித்துக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைக்க வேண்டுமா என்பது. எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும், ஐந்து மோதிரம். கோரினுக்கு வேறென்ன வேண்டும்? 'ஐந்துக்கு வேண்டாம் என்று போடுங்கள், ரீவா நம் பக்கம்' என்று எழுதிவிட்டாள்.

பக்கத்தை அவளோடு சேர்ந்து நடத்தும் மரிசேலா அதைப் படித்துவிட்டு அழுதாள். அவள் அப்பா ரொஹேலியோ தினமும் நாற்பது மைல் வண்டியோட்டிப் போய் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறவர். இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் குடியுரிமைத் தாள் எதுவும் இல்லாதவர். ரீவாவின் வாக்கியத்தைப் போட்டு மரிசேலா நோட்டீஸ் அடித்தாள். கதவு தட்டி வாக்குக் கேட்க ரசிகர்கள் முப்பது பேரைத் திரட்டினாள். அவர்கள் இப்போது வாசலில் குளிரில் நிற்கிறார்கள்.

காலையில் வண்டியில் வரும்போது மரிசேலா சொன்னாள்: "அவ வாயால ஒரு 'ஆமா' வாங்கிட்டு வாடி. அத வெச்சே ஊரைக் கலக்கிடறேன்."

"சொல்லலைன்னா?"

"சொல்லுவா. நீதானே எண்ணுன? உன் கணக்கு என்னைக்குத் தப்பாச்சு?"

இரண்டு முறை தப்பாகியிருக்கிறது. நோட்டில் அந்தப் பக்கங்களைக் கோரின் யாருக்கும் காட்டியதில்லை.

வரிசை நகர்ந்து திரைச்சீலை வரை வந்தாள். உள்ளே உதவியாளர் ஒருத்தி தட்டும் கையுமாக ரீவாவுக்கு மோதிரம் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழா? மைக்கைப் பிடிக்கிறதா, இதப் பிடிக்கிறதா?" என்றாள் ரீவா.

"லிஸ்ட்ல ஏழு போட்டிருக்கான். போன மாசம் அஞ்சுதான் அனுப்பினான், இப்ப புதுசா ரெண்டு. நகைக் கம்பெனியோட ஒப்பந்தம், நான் என்ன பண்ண? விரல நீட்டுங்க."

போன மாதம் ஐந்து என்றது கோரினின் காதில் விழுந்தது. நான் சரியாகத்தான் கேட்டேனா என்று மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் கேட்டிருந்தாள்.

அவள் முறை வந்தது.

"அஞ்சாவது கேள்விக்கு நீங்க என்ன போடச் சொல்றீங்க? வேணும்னா, வேண்டாம்னா?"

உதவியாளரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. ரீவா மட்டும் கோரினின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள். "செல்லம், நான் சொல்லாமலே நீங்க எல்லாம் என்னைப் புரிஞ்சுக்குவீங்க. அதனாலதான் உங்க மேல எனக்கு உசிரு."

"எனக்குப் புரியல. அதான் கேக்கறேன்."

ரீவாவின் பார்வை ஒரு கணம் உதவியாளரிடம் ஓடித் திரும்பியது. அருகில் பார்த்தால் ரீவாவுக்கும் கோரினின் வயதுதான் இருக்கும். பயந்திருந்தாள்.

"நேரமாச்சும்மா. போட்டோவுக்குப் பாருங்க," என்றாள் உதவியாளர்.

வெளியே வந்ததும் முப்பது பேரும் சூழ்ந்துகொண்டார்கள். எல்லார் கைபேசியும் அவள் முகத்துக்கு நேரே உயர்ந்தது. மரிசேலா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "என்னடி சொன்னா? சீக்கிரம் சொல்லித் தொலை!"

ஆமாம், ரீவா நம் பக்கம்தான் என்று சொன்னால் முடிந்தது. உள்ளே நடந்ததற்குப் பதிவு இல்லை. ரீவா மறுக்கவும் மாட்டாள். எதையும் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமலே வளர்ந்தவள் அவள். செவ்வாய்க்கிழமை வரை, மூன்று நாள் அந்தப் பொய் தாங்கினால் போதும். கோரின் மரிசேலாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்காகவே சொல்லிவிடலாம் போலிருந்தது.

"ஒண்ணும் சொல்லல," என்றாள். "நேராவே கேட்டேன். சொல்லல. அந்த மோதிரமெல்லாம் நகைக் கம்பெனி அனுப்பறது. நான் எழுதினது தப்பு."

"அப்போ மூணு வாரமா எங்களுக்குக் காது குத்திட்டிருந்தியா?" என்றாள் ஒருத்தி. அவள் தோழிகள் சிரித்தார்கள். அவர்கள்தான் முதலில் போனார்கள்; பிறகு மற்றவர்கள், இரண்டிரண்டு பேராக. கடைசியில் ஒன்பது பேர் மிஞ்சினார்கள்.

மரிசேலா குரலை உயர்த்தவில்லை. "செவ்வாய்க்கிழமை வரைக்கும் வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"நாலு லட்சம் பேர்கிட்ட ஒருதடவை தப்பாச் சொல்லிட்டேன். தெரிஞ்சே மறுபடியும் எப்படிச் சொல்வேன்?"

"இது எங்கப்பா விஷயம்டி."

"தெரியும்."

"என்ன தெரியும்? உனக்கு எண்ணத்தான் தெரியும்."

மரிசேலாவும் போய்விடுவாள் என்று கோரின் நினைத்தாள். ஆனால் அவள் தெருப் பட்டியலை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை நீட்டினாள். "ஒத்தைப்படை நம்பர் வீடு உனக்கு. என் பக்கம் வராத."

தென்பகுதித் தெரு ஒன்றில் ஆளுக்கொரு நடைபாதையில் நடந்தார்கள். நோட்டீஸ் முழுக்க ரீவாவின் வாக்கியம் என்பதால் கோரின் வெறுங்கையோடு போனாள். முதல் வீட்டில் ஒருவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்தார்.

"என்ன விக்கிறீங்க?"

மூன்று வாரமாக எந்தப் பேச்சையும் கோரின் ரீவா பேரைச் சொல்லித்தான் தொடங்கியிருக்கிறாள்.

"விக்க வரலைங்க. அஞ்சாவது கேள்வி விஷயமா வந்தேன். என் சிநேகிதியோட அப்பா..."

நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் ஒரு கதவின் மணியில் விரலை வைத்தபடி, அழுத்தாமல், மரிசேலா இங்கே பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். தாள் இல்லாத அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று தலையாட்டுவாளோ என்று கோரின் காத்திருந்தாள். மரிசேலா அசையவில்லை.

"சொல்லும்மா, சூப் ஆறுது," என்றார் அவர்.

"அவர் பேரு ரொஹேலியோ," என்று தொடங்கினாள் கோரின்.