சங்குக்கும் இருட்டுக்கும் நடுவே எட்டு ஓவர்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு கல்யாண வீடியோக்காரர் செய்த தவறு. முதலில், ‘1994-ஆம் ஆண்டு, ராஜபாளையத்து மைதானத்தில் வெயில் கொளுத்தி...’ என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் வெயில் ஒரு செய்தியா? விட்டுவிட்டேன்.

வேலுத்தாயிலிருந்து தொடங்குகிறேன். அவள் புருஷன் தவசிமுத்து மில் ஃபிட்டர். பந்து போடுவதில் சூரன். மாவட்டக் கிரிக்கெட் அணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு. மாமனார் ஆவுடையப்பன் சொல்லிவிட்டார்: “அவன் போடுறத டிவியில என் கண்ணால பாக்கேன். பொறவு போறதப் பத்திப் பேசுவோம்.” அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

2

[எங்கள் ஊர்ப் போட்டியில் எட்டு ஓவர் ஏன் என்பீர்கள். பகல் ஷிஃப்ட் முடிந்து மில் சங்கு ஊதுவதற்கும் இருட்டுவதற்கும் நடுவே அம்புட்டுத்தான் ஆட முடியும். உலகம் கிரிக்கெட்டைச் சுருக்குமுன் நாங்கள் சுருக்கிவிட்டோம் என்று மார்தட்டுவேன். யாரும் குறுக்கே வர வேண்டாம்.]

இறுதி ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரோடு. கேபிள்காரர் பக்கீர் முகமது அதைக் கேசட்டில் எடுத்து, அன்று ராத்திரியே கேபிளில் ஊருக்குப் போட்டார். கேமரா பிடித்தவர் பால்சாமி. கல்யாணம், காதுகுத்து தவிர அவர் வேறெதுவும் எடுத்ததில்லை.

3

ராஜபாளையம் ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். ஆவுடையப்பனுக்கு அது போதாது, பார்க்க வேண்டும். தவசிமுத்துவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

டிவியில் கடைசிப் பந்து. வில்லிபுத்தூருக்கு இரண்டு ரன் வேண்டும். தவசிமுத்து ஓடி வருகிறான். கூட்டம் எழுந்து சத்தம் போட்டது. பால்சாமிக்கு அது கெட்டிமேளமாகப் பட்டிருக்க வேண்டும்; கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார். ஒரு முகம் விட்டுப்போனாலும் சம்பந்தி வீட்டில் சண்டை வரும் என்று பழகிய கை அது.

“இந்தப் பய என்னத்தல பிடிக்கான்?” என்றார் ஆவுடையப்பன்.

தவசிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். [இங்கே அவனை அழவைத்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.]

வேலுத்தாய் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மடவார் வளாகத்திலிருந்து லாரி பிடித்து வந்த வில்லிபுத்தூர் ஆட்கள் வரிசையாகத் திரையில் வந்தார்கள். கத்திக்கொண்டிருந்த வாயெல்லாம் ஒரே நேரத்தில் மூடியது. ஒருத்தர் தலையில் கை வைத்தார். இன்னொருத்தர் எழுந்து, துண்டைத் தோளில் போட்டு, நிதானமாகக் கைதட்டினார்.

“தோத்தவன் எதுக்குக் கைதட்டுதான்?”

“அதத்தான் பாக்கணும் மாமா. நம்ம ஊர்க்காரவுக தட்டுனா அது பாசம். அவிய தட்டுனா, அது ஒங்க மகன் போட்ட பந்துக்கு.”

சொன்ன பிறகுதான் மாமனாரிடம் இவ்வளவு பேசிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. இருந்தாலும் பெருமை நெஞ்சை முட்டிக்கொண்டு நின்றது.

4

குட்டிக் கிரிக்கெட்டை டிவியில் பார்க்கும் முறை இவ்வளவுதான்: பந்து தெரியாவிட்டால் தோற்றவன் முகத்தைப் பாருங்கள். [உபயம்: வேலுத்தாய்.]

முடிவு மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஆவுடையப்பன் விடுகிறார். ஒன்றில் மறுக்கிறார். ஒன்றில், நாளைக்குத் திரும்பப் போடச் சொல்லிப் பக்கீருக்கு ஆள் அனுப்புகிறார். யோசித்தால், பால்சாமி வழிதான் சரி என்று படுகிறது.

ஆவுடையப்பன் மகன் பக்கம் திரும்பினார். “ஏலே...” என்று ஆரம்பித்து, அவர் சொன்னது

கேமராவைத் திருப்பிவிட்டேன். இது வேலுத்தாயின் முகம். உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அப்படியும் சிரிப்பு அடங்கவில்லை. மீதியை நீங்கள் சொல்லுங்கள், பார்க்கும் முறைதான் தெரியுமே.