கடைக்குத் திரும்பிய பொம்மைகள்

கிறிஸ்துமஸ் அன்று காலை ஒரு மஞ்சள் கரடி பொம்மை கவுன்ட்டர்காரர் வீட்டுப் படியிறங்கி, தெருவோடு நடந்து, தன்னை வாங்கி வந்த கடைக்கே திரும்பிப் போனது. கழுத்தில் கட்டிய ரிப்பன் கட்டியபடியே இருந்தது. ஓரமாகத்தான் நடந்தது, யாரையும் இடிக்கவில்லை. முனையில் ஒரு லாரி போகட்டும் என்று நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டியது. அன்றைக்குக் கடை விடுமுறை. அதனால் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, மறுநாள் முதலாளி வந்து திறக்கும்வரை காத்திருந்தது. அவர் அதன் பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, புதிதாக விலைச் சீட்டு ஒட்டி, பழைய இடத்திலேயே வைத்தார். மத்தியானத்துக்குள் விற்றுப்போனது. வாங்கிக்கொண்டு போன வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. ஒரு கண்ணை மட்டும் மாற்றித் தைத்திருக்கிறார்கள். ஆக, கரடி மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

குற்றம் யார் மேல் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதுதான் சங்கடம். கவுன்ட்டர்காரர் என்றால் அந்த ஊரில் ஒருவர்தான். பெரிய கடையின் இரண்டாவது மாடியில் பொம்மைப் பிரிவைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர். குழந்தைக்கு என்ன வாங்குவது என்று குழம்பி வருகிற யாரிடமும் அவர் வயதைக் கேட்க மாட்டார், எவ்வளவுக்குள் வேண்டும் என்றும் கேட்க மாட்டார். குழந்தை தனியாக இருக்கும்போது என்ன செய்யும், தூங்கும்போது எதைப் பிடித்துக்கொள்ளும், எதற்குப் பயப்படும், அவ்வளவுதான் கேட்பார். பதிலைக் கேட்டுக்கொண்டே திரும்பாமல் பின்னால் கையை நீட்டி ஒன்றை எடுத்து வைப்பார். எடுத்தது எடுத்ததுதான், பொருந்தாமல் போனதாகப் பேச்சே கிடையாது. பிறக்காத பிள்ளைக்குக்கூட அவரிடம் வந்து வாங்கிப்போனவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மனுஷர் தன் சொந்த மகளுக்கு எடுத்துக் கொடுத்த கரடி, பட்டப்பகலில் எழுந்து நடந்து போகிறது என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

உள்ளதைச் சொன்னால், அவர் எடுத்துக் கொடுக்கவே இல்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் அவர் வீடு திரும்பும்போது மகள் தூங்கியிருப்பாள், கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். பண்டிகைக்கு முதல் நாள், ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, மிச்சம் இருப்பதில் ஆளுக்கொன்று சலுகை விலையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது கடையில் சம்பளம் குறைவாக வாங்கும் ஆட்களுக்கு இருந்த வழக்கம். கால் இரண்டும் மரத்துப்போய் நிற்கிறவர், மாடிப்படிக்குப் பக்கத்தில் எது இருந்ததோ அதை எடுத்தார். அந்த வருஷம் அங்கே இருந்தது கரடி. பொட்டலம் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதனால் காகித மடிப்பெல்லாம் கச்சிதமாக இருந்தது. மூன்று வயதுப் பெண் அதைப் பிரித்து, கட்டிப்பிடித்து, பெயர் வைக்கப் போன நேரத்தில் கரடி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. தெரியாத வீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட விருந்தாளி மாதிரி மெல்ல அவள் மடியை விட்டு இறங்கியது. கதவு திறந்துதான் இருந்தது.

அடுத்த வருஷம் ஒரு மேளம். அது நடக்கவில்லை, உருண்டது. உருளும்போது தனக்குத்தானே தட்டிக்கொண்டே போனதால், போன வருஷம் கவனிக்காமல் விட்டவர்களும் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். அதற்கடுத்த வருஷம் கவுன்ட்டர்காரர் ரோஷப்பட்டுக் கடையிலேயே விலை கூடின மரக்குதிரையை எடுத்தார். நிஜ ரோமம் வைத்த பிடரி, தோல் சேணம். அதோடு கதவுக்கு உள்பக்கம் பூட்டும் போட்டார். குதிரை முரண்டு பிடிக்கவில்லை. வாசல் கதவுக்கு முன்னால் நின்று, காலால் மரியாதையாகத் தட்டிக்கொண்டே இருந்தது. விருந்துக்கு வந்திருந்த மைத்துனர் குடும்பம் சாப்பிட்டது, தட்டல், பேசினார்கள், தட்டல், பேச்சு நின்றுபோனது, தட்டல் நிற்கவில்லை. கடைசியில் மகளே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். பெரிய ரோட்டில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, குதிரை போக வழி விட்டார். பண்டிகை நாள், நெரிசல் அதிகம், குறுக்கே விழுந்து யாராவது அடிபட்டால் அவருக்குத்தானே பதில் சொல்ல வேண்டிவரும்.

அன்றைக்கு நடந்ததில் கவுன்ட்டர்காரரைக் கொன்றது குதிரை அல்ல. எதிர்வீட்டம்மா கேட்டுக்கு வந்து, என்ன கண்ணு, இந்த வருஷமும் ஓடிப்போச்சா என்று கேட்டாள். பாவம், அன்பாகத்தான் கேட்டாள். ஐந்து வயதுப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "நான்தான் போகச் சொன்னேன். எனக்குக் குதிரை பிடிக்காது," என்றாள். போன வருஷம் மேளம் போனபோதும் இதையேதான் சொன்னாளாம், எனக்குச் சத்தம் ஆகாது என்று. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. குதிரையைக் கண்டதும் அவள் துள்ளிக் குதித்ததை அவர் பார்த்திருந்தார். சேணத்தை ஒருமுறை தடவிக்கூடப் பார்த்தாள். தகப்பன் மானத்தைக் காப்பாற்ற அந்த வயதிலேயே பொய் சொல்லப் பழகிவிட்டாள், அதுவும் முகம் மாறாமல். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, "பொம்மைங்க மேல தப்பில்லங்க. யார் வீட்டுக்கு வந்திருக்கோம்னு அதுங்களுக்குப் புரியல," என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. கடையில் மட்டும் பழைய ஆள்தான். கேலி செய்தவர்களும் குழந்தைக்கு என்று வரும்போது அவரிடம்தான் வந்தார்கள். ஊர் அப்படித்தான், சிரிக்கிறது வேறு, வாங்குகிறது வேறு.

அடுத்த டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, கவுன்ட்டருக்கு முன்னால் வரிசை படிக்கட்டு வரை நின்றது. அவர் குனிந்து டேப்பின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் வந்து நின்றதும் நிமிராமலே யாருக்கு என்று கேட்டார். "எங்க அப்பாவுக்கு," என்றது ஒரு சின்னக் குரல். கவுன்ட்டர் உயரம், விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. அப்பாவுக்குப் பொம்மை கேட்டு யாரும் வந்ததில்லை என்றாலும் தொழில் தொழில்தானே. அப்பா தனியாக இருக்கும்போது என்ன செய்வார் என்று கேட்டார். "ஷூவைக் கழட்டாம நாற்காலில உக்காந்து சுவத்தைப் பாப்பாரு." தூங்கும்போது எதைப் பிடித்துக்கொள்வார்? "எதையும் பிடிச்சுக்க மாட்டாரு. விரலெல்லாம் பேப்பர் வெட்டியிருக்கும். அதனால கையைப் பொத்தி வச்சுக்குவாரு." கவுன்ட்டர்காரருக்கு மனசு உருகிப்போனது. எந்தப் புண்ணியவானோ, பெற்ற பிள்ளை இப்படிப் பார்த்து வைத்திருக்கிறது என்று அந்த முகம் தெரியாத அப்பா மேல் பொறாமைகூட வந்தது. பின்னால் கையை நீட்டி, ஊசியும் பஞ்சும் குட்டிக் கட்டுத்துணியும் வைத்த டாக்டர் பெட்டி ஒன்றை எடுத்தபடியே, அப்பா எதற்குப் பயப்படுவார் என்று மூன்றாவதையும் கேட்டார்.

"பொம்மை எழுந்து போயிடுமேன்னு," என்றது குரல். "கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கதவையே பாத்துக்கிட்டு இருப்பாரு."

அவர் எட்டிக் கீழே பார்த்தார். அவர் மகள். கொஞ்சம் தள்ளி மைத்துனர் ஒரு கார் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் சக்கரத்தில் உலகமே இருக்கிறது என்கிற மாதிரி குனிந்திருந்தார். பெற்ற மகளின் குரல். மூன்று பதில் சொல்லி முடிக்கும்வரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கோ ஆச்சரியமே இல்லை. கடை ஆளிடம் ரகசியம் சொல்கிற தோரணையில் குதிகாலை உயர்த்தி, "வீட்டு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். "அவருக்கு இதெல்லாம் எடுக்கத் தெரியாது. கடை அப்பா எல்லாருக்கும் சரியா எடுத்துக் குடுப்பாருன்னு மாமா சொன்னாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே சட்டென்று நிறுத்திக்கொண்டார், யாரும் அவரைத் திட்டவில்லை. கவுன்ட்டர்காரர் டாக்டர் பெட்டியைக் காகிதத்தில் வைத்து மடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக மடிப்பு கோணலாக வந்தது. அவள் விரல் நுனியால் அதைத் தடவிப் பார்த்து, பரவாயில்லை, அப்பா எதையும் குறை சொல்ல மாட்டாரு என்றாள். அவள் படியிறங்கிப் போனதும் அவர் சரக்கு அறைக்குள் போய், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வெட்கம் தின்றது. வெளியே வரிசை காத்திருந்தது, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்ப வந்து நின்றார்.

மறுநாள் முதலாளியிடம் இனி சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். டிசம்பரிலா, விளையாடுறியா என்று முதலாளி குதித்தார், பிறகு அவரே அடங்கினார். கடைக்கு நடந்து திரும்பிய குதிரையை ஷட்டருக்கு உள்ளே இழுத்துவிட்டவர் அவர்தானே. இப்படியாகக் கவுன்ட்டர்காரர் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து, தன் மகள் என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஆரம்பித்தார். அவள் ஸ்பூன்களோடு விளையாடினாள். சமையலறையிலிருந்து பெரிது சிறிது பார்க்காமல் எல்லாவற்றையும் கொண்டுவந்து தரையில் வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைக்குட்டையைப் போர்த்தி, பக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். இத்தனை நாளாக வீட்டில் இருந்த இந்தக் காட்சியை அவர் ஒருநாளும் கண்டதில்லை. காய்ச்சல் வந்த ஸ்பூன்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று கண்டுபிடித்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இருந்த பொம்மை மரக்கட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, கைப்பிடி நீண்ட கரண்டிகூடக் காலை நீட்டிப் படுக்கும்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

கிறிஸ்துமஸ் காலையில் டாக்டர் பெட்டி, கோணல் மடிப்பைப் பிரித்ததும், பூனை மாதிரி அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பிறகு மகள் கட்டிலைப் பிரித்தாள். கட்டில் அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, நின்றது, யோசித்தது. அப்புறம் நாலு காலையும் எடுத்து வைத்து வாசலுக்கு நடந்தது. அம்மாக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். படியில் இறங்கத் தடுமாறியபோது கவுன்ட்டர்காரரே ஓடிப்போய் ஒரு பக்கம் பிடித்துவிட்டார். போகிறது போகட்டும், காலை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான். கட்டில் கேட் வரை போனது. அங்கே நின்றது. தெருவுக்கும் இறங்கவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. நிற்கிறது நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது.

மகள் ஸ்பூன்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். "அவங்களுக்குக் காய்ச்சல் இல்லப்பா," என்றாள், கட்டிலுக்கு எடுத்துச் சொல்கிறாளா அவருக்கா என்று தெரியாத குரலில். "லீவு போட்டிருக்காங்க." அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தார். தன் அப்பா லீவில் இருந்து அவள் பார்த்தது அது ஒன்றைத்தான். அவரை வீட்டில் வைத்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி, படுக்கவைத்துப் போர்த்திவிடுவது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இதையும் நீதான் போகச் சொன்னியா கண்ணு என்று எதிர்வீட்டம்மா கேட்டாள். மகள் வழக்கம்போல் இடுப்பில் கையை வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் கவுன்ட்டர்காரர் முந்திக்கொண்டார். தெருவில் பண்டிகை உடுப்போடு போய்க்கொண்டிருந்த நாலு பேர் நின்று கேட்கும்படி, காது மடல் வரை சிவக்க, "அவ போகச் சொல்லலம்மா. ஒரு வருஷமும் சொன்னதில்ல. எனக்குத்தான் எம் பொண்ணைத் தெரியாது. இப்பத்தான் பாதி தெரிஞ்சுக்கிட்டிருக்கேன், அதான் பாதி வழியில நிக்குது," என்றார். மகள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்த கூலியாள் மாதிரி, கேட்டில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டம்மா எட்டிக் கட்டிலைப் பார்த்தாள். மரச்சாமான், மழையில நனைஞ்சா உப்பிப்போயிடும், மேல எதையாவது போட்டு மூடி வைங்க என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். அப்பாவும் மகளும் பழைய குடை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலுக்குமேல் கட்டினார்கள். கட்டில் இப்போதும் கேட்டருகில்தான் இருக்கிறது. விடிகாலையில் பேப்பர் போடுகிறவர் ஸ்பூன்களைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அதில்தான் பேப்பரைப் போடுகிறார்.