இன்றே வேலைக்கு

எங்கள் கரையில் வேலை என்றால் ஒன்றுதான். ஏரித் தண்ணீரில் நெஞ்சளவு நின்று கரைவலை இழுப்பது. கிசுமு நகரத்து ஆபீஸ்காரனுக்கு வேலை என்றால் நாற்காலி. இது ராபுருவுக்குத் தெரியாததல்ல. அவனும் நானும் ஒரே கயிற்றை இழுத்து வளர்ந்தவர்கள். அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அவனுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் பிரச்சார வேலை கிடைத்தது. மஞ்சள் பனியன், கையில் மைக், ஒரு கட்டு போஸ்டர். சுன்னத்து எங்கள் லுவோ இனத்து ஆண்களின் வழக்கமல்ல. எங்கள் பாட்டன்மார் கீழ்ப்பல் ஆறைப் பிடுங்கிக்கொண்டு ஆளானவர்கள். சுன்னத்து செய்துகொண்டால் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து குறையும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அது பொய்யல்ல, இன்றைக்கும் சொல்வேன். பொய் வேறு இடத்தில் இருந்தது.

"கத்தி இல்ல, தையல் இல்ல, ரத்தம் இல்ல!" மீன் எடை போடும் கொட்டகை முன்னால் நின்று ராபுரு கூவுவான். "சின்ன வளையம். ஒரு வாரம் மாட்டியிருந்தா தோல் தானா செத்துடும், எடுத்துடுவாங்க. இன்னைக்குப் போடு, இன்னைக்கே வேலைக்குப் போ!"

"எங்க தாத்தனுங்க பல்லோட விட்டாங்கடா! நீ எங்க வந்து நிக்கிற பாரு!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, கரையே சிரித்தது.

அன்று சாயங்காலம் ராபுரு என் படகுக்கு வந்தான்.

"ஒபியெரோ, நீ போட்டுக்கிட்டா மத்தவனெல்லாம் பின்னாலயே வருவான். உனக்கு ஒண்ணு ஆக விடுவேனா மச்சான்?"

"போட்டுக்கிட்டு வலைக்குப் போலாமா?"

"போஸ்டர்ல என்ன போட்டிருக்கு? வேலைக்குப் போன்னுதானே?"

மறுநாள் தொண்டு நிறுவனத்தின் கூடாரத்தில் வளையத்தை மாட்டினார்கள். வெளியூர் நர்ஸ் இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். ராபுருதான் எனக்கு மொழிபெயர்த்தான்: "சுத்தமா வச்சுக்கச் சொல்றாங்க." பிறகு என்னைப் படகில் நிற்கவைத்து, கட்டைவிரலை உயர்த்தச் சொல்லிப் போட்டோ எடுத்தான். நான் அன்றே வலைக்குப் போனேன். சுத்தமாக வைத்துக்கொள்ள, வேலை முடிந்ததும் ஏரியிலேயே நன்றாகக் குளிக்கவும் செய்தேன்.

வாரம் முடிவதற்குள் வீக்கம், காய்ச்சல், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். என் மனைவி அவுவோர் மூக்கைப் பொத்தவில்லை, அழுதாள். பெரிய ஆஸ்பத்திரியில் அழுகிய சதையை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். கத்தி இல்லை என்றார்கள், கடைசியில் கத்தியில்தான் முடிந்தது. "ஒரு வாரம் தண்ணில இறங்கக் கூடாதுன்னு சொல்லலையா?" என்று டாக்டர் என்னைத் திட்டினார்.

ராபுரு ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான்.

"அந்த நர்ஸம்மா தண்ணியப் பத்திச் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க."

"நீ ஏன்டா சொல்லல?"

"சொல்லியிருந்தா போட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." அதில் தப்பிருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. நான் முடியாது என்று சொல்வேன் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே அந்தச் சொல்லை என் வாயில் வரவிடாமல் செய்துவிட்டான். ரொட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

கட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவுவோரின் தோளைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்து வந்தேன். அவள் சட்டென்று நின்றாள்.

கொட்டகைச் சுவரில் நான் பல்லிளித்துக்கொண்டிருந்தேன். படகு, உயர்த்திய கட்டைவிரல், கீழே பெரிய எழுத்தில்: "நான் அன்றே வேலைக்குப் போனேன்." ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துவிட்டுப் போன பிறகும் அதைக் கிழிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

தண்ணீரிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவுவோரின் தம்பி ஒக்வேனோ, நெஞ்சளவு தண்ணீரில் வலைக்கயிற்றோடு நின்றான்.

"மாமா! மலேரியா சரியாயிடுச்சா?"

"எந்த மலேரியா?"

"ராபுரு அண்ணன்தான் சொன்னாரு, உங்களுக்கு மலேரியான்னு." சிரித்தபடி சுவரைக் காட்டினான். "முந்தாநாள் நானும் மாட்டிக்கிட்டேன் மாமா. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நீங்க சொன்னதாலதான் அன்னைக்கே வேலைக்கு வந்துட்டேன்."

"நான் சொல்லலடா! மேல வா! தண்ணிய விட்டு மேல வாடா!"

காற்றில் அவனுக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டிவிட்டு மறுபடி கயிற்றை இழுத்தான். அவுவோர் "ஐயோ, உங்க தையல்!" என்று கதறக் கதற, நான் கட்டோடு தண்ணீரில் இறங்கினேன்.