மத்தியானப் பால்

ஆய்வகத்தில் ஆட்டும் கருவியின் மேல் தட்டு இடமும் வலமும் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் உள்ளங்கை அளவு வெள்ளைச் சவ்வு கழுவும் நீரில் மிதந்தது. அவள் பக்கத்திலேயே நின்றாள். கோட்டுக்குள் மார்பு கல்லாய்க் கனத்தது. உள்ளே வைத்திருந்த துணி நனைந்துவிட்டதா என்று முழங்கையால் அழுத்திப் பார்த்தாள். நனைந்திருந்தது.

முயல் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடி பிரித்து, சிறு குப்பிகளில் அடைத்து, ஆராய்ச்சிக்கூடங்களுக்கு விற்கும் நிறுவனம் அது. செல்லுக்கு வெளியிலிருந்து சேதி வரும்போது உள்ளே ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை மட்டும் பிடித்து, ஒட்டாததை விட்டுவிடும் ஆன்டிபாடிக்குத்தான் விலை. செல்லின் புரதங்களை ஏற்றிய சவ்வில் ஆன்டிபாடியை விட்டு, அப்படிப் பிடிக்கிறதா என்று சோதிப்பது அவள் வேலை. சரியாக இருந்தால் சவ்வின் படத்தில் ஒரே ஒரு கறுப்புக் கோடு விழும்.

"இந்த லாட் பாஸ் ஆகட்டும்மா," என்று மேனேஜர் நேற்றுச் சொல்லியிருந்தார். "அப்புறம் தினம் மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பால் குடுத்துட்டு வா. மேல நானே பேசுறேன்."

ஒப்பந்த ஆட்களுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. பையனுக்குத் தலை நிற்கும் முன்பே அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

போன் அதிர்ந்தது. மாமியார்.

"பாட்டிலை வச்சா நாக்கால தள்ளுறான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. நாளைக்காவது மத்தியானம் வருவியா?"

"வருவேன் அத்தை. இப்ப தெரிஞ்சிடும்."

"பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்க எவன்கிட்டடி பரீட்சை எழுதுற?"

பின்னால் அழுகை கேட்டது. கேட்ட நொடியில் துணியைத் தாண்டிச் சட்டையும் நனைந்தது. குடிக்கும்போது அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்வான். தூங்கிய பிறகும் விடமாட்டான். அந்த விரலில் இப்போது ரப்பர் உறை இருந்தது.

முயல் கொட்டகையைப் பார்த்துக்கொள்பவர் ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்தார். எல்லோருக்கும் அவர் முயலண்ணன்.

"சட்டியைப் பார்த்துக்கிட்டே நின்னா சீக்கிரம் வெந்துடுமா?"

"வெந்தா உங்களுக்கும் ஒரு கரண்டி தரேண்ணா."

அவர் கோட்டின் ஈரத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்போலப் பெட்டியை இறக்கினார்.

சவ்வைப் படமெடுக்கும் கருவிக்குள் வைத்து மூடினாள். திரையில் முதலில் சாம்பல் நிறம் வந்தது. பிறகு கருமை. கோடு விழவில்லை, சவ்வு முழுவதுமே கறுத்தது.

ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, முதலில் சவ்வை ஊறவைப்பார்கள். வழக்கமாகப் பால்பவுடர் கரைசல். இந்த வகைக்கு மட்டும் பால் ஆகாது. பாலின் புரதத்திலேயே பாஸ்பேட் உண்டு, ஆன்டிபாடி அதையும் பிடித்துக்கொள்ளும். அவளுக்குத் தெரியாததல்ல. நேற்று மாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், கை பழக்கத்தில் பால் கரைசல் பாட்டிலை எடுத்திருந்தது.

மேனேஜர் திரையைப் பார்த்தார். "என்னம்மா, தார் பூசின மாதிரி இருக்கு?"

"பால்ல ஊற வச்சிட்டேன் சார்."

"நீயா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, திரும்பப் போடு. மத்தியான விஷயத்தை இப்ப பேச முடியாதும்மா. பிள்ளை நினைப்புல வேலையைக் கெடுக்குறான்னுதான் சொல்வாங்க."

"எப்ப சார் பேசுவீங்க?"

"பார்ப்போம்."

பெண்கள் கழிப்பறையில் ஆள் இருந்தது. அவள் முற்றத்தைத் தாண்டிக் கொட்டகைக்குப் போனாள். முயலண்ணன் உள்ளே கையைக் காட்டினார். ஒரு கூண்டின் மேல் மட்டும் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது.

"அந்தக் கூண்டுப் பக்கம் மட்டும் சத்தம் வேண்டாம்மா. வாங்கும்போதே சினையா இருந்திருக்கா, நேத்து குட்டி போட்டுட்டா. குட்டி பால் மறக்குற வரைக்கும் ஊசி கிடையாது, ரத்தம் எடுக்குறதும் கிடையாது. மேனேஜரே வந்து பார்த்துச் சொல்லிட்டார்."

அவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

துணிக்குள் வைக்கோல் சரசரத்தது. அவள் கூண்டு கழுவும் தொட்டியின் மேல் குனிந்து பொத்தான்களை அவிழ்த்து, கையால் பாலைப் பீச்சினாள். தொட்டிக்குள் ஒட்டியிருந்த முயல் ரோமங்களை நனைத்துக்கொண்டு பால் வடிகால் துளைக்குள் இறங்கியது. கோட்டுப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.