முன்னால் போகிறவள்

மனைவிமேல் பொறாமை வந்தது எந்த வாரத்தில் என்று கேட்டால் வேல்ராஜுக்கே சொல்லத் தெரியாது. அவளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் அவனுக்குத் தோல் பை கடை. வாரம் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்து தொப்பை விழுந்துவிட்டதென்று, ஐந்து வருஷங்களுக்கு முன்பு வேகமாக ஓட்டுகிற ரோடு சைக்கிள் ஒன்று வாங்கினான். சீத்தா கேம்பில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஹமீது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கூட்டம் நடத்திவந்தார். அதில் சேர்ந்தான். வாஷி, தானே, வசாய் என்று போய்வந்தார்கள். கூட்டத்தில் அவன்தான் வேகம். புதிதாக வருகிறவர்களுக்கு கியர் போடச் சொல்லிக்கொடுப்பதும் அவன்தான். எதிர்க்காற்றில் அவன் முன்னால் போக, மற்றவர்கள் அவன் முதுகை ஒட்டி வருவார்கள். அந்த முதுகு அவனுக்கே பெருமையாக இருந்தது.

பிறகு மனைவி பிரபாவதிக்கு சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதாக டாக்டர் சொன்னார். வாஷியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள். அவளுக்கும் உட்கார்ந்த வேலைதான். “நீயும் வாயேன்” என்று வேல்ராஜே கூப்பிட்டான். முதல் மாதம் பாந்திரா தாண்டுவதற்குள் மூச்சு வாங்கினாள். அவன் நின்று நின்று கூட்டிக்கொண்டு போனான். அந்த ஞாயிறுகள் அவனுக்கு மிகவும் பிடித்திருந்தன.

ஒரு வருஷத்தில் எல்லாம் மாறிப்போயிற்று. அவளுக்கு மூச்சு வாங்குவது நின்றது. அவனுக்கு வாங்கியது. கூட்டத்தில் செம்பூரிலிருந்து வருகிற கோகிலவாணி, “பிரபாக்கா முன்னாடி போங்க, நாங்க பின்னாடி ஒட்டிக்கிறோம்” என்று சொல்ல ஆரம்பித்தாள். யார் எவ்வளவு வேகம் என்று காட்டுகிற ஆப்பில் வசாய் ரோட்டில் முதல் பெயர் பிரபாவதி என்று வந்தது, வேல்ராஜ் நான்காவது. கடைக்கு வருகிறவர்கள்கூட, “க்யா சேட், பாபி உங்களயே தோக்கடிச்சிட்டாங்களாமே” என்று பிரபாவதியைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவன் சிரித்தான். வயிறு எரிந்தது. ராத்திரி அவள் அசந்து தூங்கும்போது அவள் கால்களைப் பார்ப்பான். சமையல்கட்டில் நிற்கிற இந்தக் கால்களுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று எரிச்சலாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பிரபாவதி வாழைப்பழம் வாங்கக் கீழே போயிருந்தாள். வழக்கம்போல வேல்ராஜ் இரண்டு சைக்கிள்களின் செயினுக்கும் எண்ணெய் போட்டான். கையில் திருகு முடுக்குகிற சாவி இருந்தது. அவளுடைய சீட்டின் திருகைத் தளர்த்தி இரண்டு விரல் அளவு கீழே இறக்கினான். மறுபடி இறுக்கினான். சீட்டு தாழ்ந்திருந்தால் கால் முழுக்க நீளாது, முட்டி சீக்கிரம் வலிக்கும், வேகம் வராது. இது தெரிந்துதான் செய்தான். அவள் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் துணியை எடுத்துச் சக்கரத்தைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான்.

மறுநாள் விடியும் முன் கிளம்பி ஹைவேயில் போகும்போதே அவள் சொன்னாள்: “என்னங்க, காலு ஒரு மாதிரியா இருக்கு. பிடிச்சு இழுக்க மாதிரி.”

“வாரம் பூரா ஆபீஸ்ல நேரமாயிட்டுல்லா. அசதியா இருக்கும்.”

அவள் நம்பினாள்.

பயந்தரில் வண்டிகளையும் ஏற்றிக்கொள்ளும் படகில் சைக்கிள்களோடு ஏறி, உப்பங்கழியைத் தாண்டி வசாயில் இறங்கினார்கள். இறங்கியதுமே கோட்டை. இடிந்த தேவாலயங்களின் நடுவே கல் பாவிய பாதையில் சைக்கிள்கள் தடதடத்தன. வேல்ராஜ் முன்னால் போனான். திரும்பிப் பார்த்தான். பிரபாவதி கடைசியில் வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு கல்லும் அவளை உலுக்கியது. அவனுக்கு மனசு லேசானது. வெகுநாளைக்குப் பிறகு சைக்கிள் ஓட்டுவது சுகமாக இருந்தது.

கோட்டையைத் தாண்டினால் ஆர்நாளா கடற்கரை வரை ஏற்றமே கிடையாது. வாழைத்தோப்பு, பூந்தோட்டம், ஓட்டு வீடுகள், தெருமுனைக்குத் தெருமுனை சிலுவை, பழைய கிணறு. ஊருக்கு ஊர் சந்து குறுகும், கல் தளம் வரும், மறுபடி தார் ரோடு விரியும். சர்ச் பூசைக்குப் போகிற கிழவிகள் ஒதுங்கி நின்றார்கள். வேல்ராஜ் எழுந்து மிதித்தான். பின்னால் கோகிலவாணி மட்டும்தான் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

நிர்மல் என்கிற ஊரின் குளத்தருகே அவள், “அண்ணே, அக்கா ரொம்பப் பின்தங்கிட்டாங்க. நிப்போமா?” என்று கேட்டாள்.

“ஹமீது பாய் கூட இருக்காருல்லா. வருவாக. நீ மிதி.”

ஆர்நாளாவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அவன்தான். இரண்டு பேரும் டீக்கடை முன்னால் சைக்கிளைச் சாய்த்தார்கள். ‘இன்னைக்குப் பறந்துட்டீங்கண்ணே’ என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். கோகிலவாணி டீயைக்கூட வாங்காமல் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து, மற்றவர்களெல்லாம் வந்த பிறகு, ஹமீதும் பிரபாவதியும் வந்தார்கள். இப்போது பிரபாவதி நன்றாகவே மிதித்து வந்தாள். ஹமீதுதான் மூச்சிரைக்க இறங்கினார்.

“மச்சான், தங்கச்சி சீட்டு எறங்கிக் கெடந்துச்சு. நாந்தான் ஏத்திவிட்டேன். திருகு என்னா டைட்டு! சாவி வளைஞ்சிரும்போல. முட்டி வீங்கிருக்கு பாரு.”

“அப்படியா” என்றான் வேல்ராஜ். டீ நாக்கைச் சுட்டது.

பிரபாவதி வடாபாவை நிதானமாகத் தின்று முடித்தாள். கையைக் கழுவிவிட்டு, “கொஞ்சம் இங்க வாங்க” என்று அவனைக் கடலோரம் கூட்டிப்போனாள். படகுகளுக்கு நடுவே கயிற்றில் மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“சீட்டு எவ்வளவு உயரம்னு மறந்துரக் கூடாதுன்னு கம்பியில நெயில் பாலீஷால ஒரு கோடு போட்டு வச்சிருந்தேன். அந்தக் கோடு குழாய்க்குள்ள போயிருந்துச்சு.”

“லூசா இருந்து எறங்கிருக்கும்.”

“லூசா இருந்தா ஹமீது அண்ணன் எதுக்கு அந்த மல்லுக்கட்டு கட்டணும்? எறக்கிட்டு யாரோ முறுக்கிருக்காவ. நீங்கதான?”

அவன் கடலைப் பார்த்தான். பொய் சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை.

“ஆமா.”

“எதுக்கு?”

“எல்லாரும் ஒன்னயவே பாக்காங்க. பிரபாக்கா, பிரபாக்கான்னு. நான் ஒருத்தன் இருக்கேன்னே யாருக்கும் நெனப்பில்ல. ஒருநாளாவது ஒனக்கு முன்னாடி போவணும்னு தோணிச்சு.”

“சொல்லிருந்தா மெதுவா வந்திருப்பேனே.”

“அது இதவிட மோசம்லா! நீ விட்டுக்குடுத்து நான் முன்னாடி போவதுக்கு வீட்லயே கெடக்கலாம்.”

“அப்ப எம் முட்டி ஒடஞ்சா ஒங்களுக்கு நிம்மதி?” அவள் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டாள். “கால் வலிக்குன்னு ஒங்ககிட்டதான சொன்னேன்? அசதின்னு சொன்னீங்களே. தெரிஞ்சே சொன்னீங்களே.”

செய்ததைவிட ‘அசதி’ என்ற அந்தச் சொல்தான் அவளைக் குத்தியிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

“ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. நான் இனிமே யாருக்காவயும் மெதுவா போவ மாட்டேன்.”

திரும்பும்போது வலிக்கிற முட்டியோடு அவள் முன்னால் போனாள். வேல்ராஜ் துரத்தினான். மன்னிப்புக் கேட்கத்தான் துரத்துகிறோம் என்று முதலில் நினைத்தான். பாதி தூரத்தில் உண்மை தெரிந்தது: இப்போதும் அவளை முந்தத்தான் மனசு துடிக்கிறது. பிடிக்கவும் முடியவில்லை. ஒரு சந்தில் திரும்பி மறைந்துவிட்டாள்.

படகில் அவள் மற்றவர்களோடு நின்றுகொண்டாள். ஹமீது, “சைக்கிள ஒழுங்கா பாத்துக் குடுக்கக் கூடாதா மச்சான்?” என்று கேலி செய்தபோதும், “இனிமே நானே பாத்துக்கிடுதேன்ணே” என்றதோடு நிறுத்திக்கொண்டாள். அவள் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம் என்று வேல்ராஜுக்குத் தோன்றியது.

அவள் மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை. முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு டிவி பார்த்தாள். அவன் தைலத்தை எடுத்துவந்தால், “வச்சிட்டுப் போங்க” என்பாள். கடைசியில் பொறுக்க மாட்டாமல் அவன் சீத்தா கேம்புக்குப் போய் ஹமீதிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஹமீது துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை மேசைமேல் வைத்தார்.

“வேற எவனாச்சும் இதச் செஞ்சிருந்தா அன்னைக்கே வெரட்டிருப்பேன், வேலு. தங்கச்சி மொகத்துக்காவ சும்மா இருக்கேன். இனி நீ கடைசில வா. பின்தங்குற ஆளுக்குத் தொணையா. நீ முன்னாடி போனா, செஞ்சத நான் சொல்ல மாட்டேன், மத்தவங்ககிட்ட நீயே சொல்லணும்.”

ஒத்துக்கொண்டான்.

முட்டி சரியானதும் பிரபாவதி மறுபடி வந்தாள். அவனோடு அளவாகப் பேசினாள். மழை முடிந்து வசாய்க்குப் போன அன்று வயல்களில் தண்ணீர் மினுங்கியது. அவன் கடைசி ஆளுக்கும் பின்னால் ஓட்டினான். அவள் எல்லாருக்கும் முன்னால், கூப்பிடு தூரத்தில், ரோடு வளைகிற இடத்தில் தெரிந்தாள். அவனுக்கு வயிறு பழையபடியே எரிந்தது. அது அணையும் என்கிற நம்பிக்கையும் போய்விட்டது.

அப்போது இடதுபக்கச் சந்திலிருந்து ஒரு டெம்போ மூக்கை நீட்டியது. வளைவில் வாழைமரங்கள் மறைப்பதால் அவளுக்குத் தெரிந்திருக்காது; பின்னாலிருந்த அவனுக்குத் தெரிந்தது.

“பிரபா! லெஃப்ட்ல வண்டி!” தொண்டை கிழியக் கத்தினான்.

அவள் பிரேக் பிடித்து விலகினாள். டெம்போ கடந்து போயிற்று. திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.