மருந்துக்கு முன், மருந்துக்குப் பின்

மனித குலத்தின் குடலைக் காக்க அவதரித்தவர் பேராசிரியர். அவர் அறை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய வாழ்த்து மடல் அப்படித்தான் சொன்னது. வாசகம் அவருடையது; கீழே கையெழுத்து மட்டும் துறையிலிருந்த மற்றவர்களுடையது.

பேதிக் கிருமியின் உடம்பெங்கும் மயிர் போல நுண்ணிழைகள் உண்டு. குடல் சுவரை அது பற்றிக்கொள்வது அவற்றால்தான். பிடி போனால் கழிவோடு கழிவாக வெளியேற வேண்டியதுதான். அந்த மயிரை உதிர்க்கும் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பேராசிரியர் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டார். நிரூபிக்கும் வேலை மட்டும் பாக்கி; அது ஆய்வு மாணவியின் தலையில் விழுந்தது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பட்டம். அதுவரை அக்கா வீட்டுக் கூடத்தில் பாய். "உன் பூச்சி இன்னைக்காவது ஏதாவது சொல்லுச்சா?" என்று தினமும் அக்கா புருஷனின் விசாரிப்பு.

மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தாள். மருந்து போட்ட கிருமி மொழுக்கென்று இருந்தது. மருந்து போடாததும் மொழுக்கென்றுதான் இருந்தது. ஆண்டுக்கணக்காகக் குடுவையில் சத்து நீர் குடித்தே வளர்ந்த கிருமி அது. உட்கார்ந்த இடத்துக்குச் சோறு வந்தால் எதைப் போய்ப் பிடிப்பானேன்? எப்போதோ மயிரைக் கைவிட்டிருந்தது.

"சார், மருந்து போடாததுலயும் முடி இல்ல."

"இத யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்ல பொண்ணு."

நோயாளியிடமிருந்து புதுக் கிருமி எடுக்கலாம் என்றாள். மருத்துவமனையில் போய்க் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று மறுத்துவிட்டார். அந்த வாரமே ஒரு மாநாட்டு விருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லீவு போட்டார். பிறகு வெளிறிய முகத்தோடு வந்து, இறுக்கி மூடிய சின்ன டப்பா ஒன்றை அவள் மேஜையில் வைத்து, "இதுல பாரும்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக எங்கோ நடந்தார். யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

அதிலிருந்து வளர்த்தெடுத்த கிருமி தலைவிரிகோலமாக நின்றது. மருந்தை ஊற்றினாள். இன்னும் ஊற்றினாள். ஒரு மயிரும் உதிரவில்லை.

"அது கிடக்கட்டும். மருந்துக்கு முன்னன்னு இதோட படத்தப் போடு. பின்னாடிக்கு அந்தப் பழைய மொழுக்குப் படம் இருக்குல்ல?" என்றார் பேராசிரியர்.

அவள் பாயை நினைத்துக்கொண்டாள். போட்டாள். கையெழுத்தும் விழுந்தது.

விருது விழாவில் அவை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அவளும் எழுந்தாள். திரையில் ஆளுயரத்துக்குத் தெரிந்த முதல் படத்திலிருந்த கிருமி, பேராசிரியரின் வயிற்றுப்போக்கில் வந்தது.